எலிக்கு வலது காது எது

சின்னவளுடைய வேலை எலிகளைப் பார்த்துக்கொள்வது. இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், "பிடிக்கிற வேலையா, வளர்க்கிற வேலையா?" என்று கேட்பார்கள். அவள் எதற்கும் கோபித்துக்கொள்வதில்லை. "வளர்க்கறது. பிடிக்கவும் தெரியும்" என்பாள்.

ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கத்தில் ஜன்னலே இல்லாத நீளமான அறை அது. இரட்டைக் கதவு, ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். உள்ளே வருஷம் முழுவதும் இருபத்திரண்டு டிகிரி. காலை ஏழு மணிக்கு விளக்குகள் தாமாக எரியும், மாலை ஏழு மணிக்குத் தாமாக அணையும். வெளியே மழையா வெயிலா என்பது எலிகளுக்கும் தெரியாது, வேலை முடிந்து வெளியே வரும்வரை சின்னவளுக்கும் தெரியாது. இரும்பு அடுக்குகளில் இருநூற்றுப் பதினாறு கூண்டுகள். ஒவ்வொன்றிலும் மரத்தூள், ஒரு தண்ணீர்ப் புட்டி, கம்பி மூடியின் பள்ளத்தில் உருளை உருளையாகத் தீனி, முகப்பில் ஓர் அட்டை. அட்டையில் பிறந்த தேதி, தாயின் எண், தகப்பனின் எண். அந்த எழுத்தெல்லாம் அவளுடையது. பன்னிரண்டாம் வகுப்போடு நின்ற படிப்புதான். ஆனால் அவள் எழுதிய அட்டையைப் படிக்க முடியவில்லை என்று பதினொரு வருஷத்தில் ஒருவரும் சொன்னது கிடையாது. அதே அறைக்கு வந்து போகிற டாக்டர் பட்டக்காரர்களின் எழுத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

அவை வீட்டில் ஓடுகிற எலிகள் அல்ல. ஆராய்ச்சிக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த கறுப்புச் சுண்டெலிகள். எல்லாம் ஒரே அச்சு. ஓர் ஈற்றில் பிறந்தவற்றைப் பெற்ற தாயாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் பிறந்த மூன்றாம் வாரம் காதில் துளை போட்டு எண் கொடுக்க வேண்டும். வலது காதில் ஒரு துளை என்றால் எண் ஒன்று. இடது காதில் ஒரு துளை என்றால் இரண்டு. இரண்டு காதிலும் ஒவ்வொன்று என்றால் மூன்று. வலதில் இரண்டு துளை நான்கு, இடதில் இரண்டு துளை ஐந்து. ஒரு கூண்டில் ஐந்துக்கு மேல் வைப்பதில்லை என்பதால் ஐந்து எண்களே போதும். துளை போடும்போது கடுகளவு தோல் வெட்டுப்பட்டு வரும். அதை அதே எண் எழுதிய குப்பியில் போட்டு அனுப்பினால், அந்த எலியின் மரபணுவைப் படித்து எழுதி அனுப்புவார்கள்.

துளை போடுவதில் சின்னவளுக்கு ஒரு கைப்பக்குவம் இருந்தது. வாலின் அடியைப் பிடித்துத் தூக்கிக் கம்பி மூடியின்மேல் விடுவாள். எலி கம்பியைப் பற்றிக்கொண்டு முன்னால் ஓடப் பார்க்கும். ஓடப் பார்க்கிற அந்த நொடியில் இடது கை விரல்கள் பிடரித் தோலைப் பற்றிவிடும், வலது கையில் இருக்கும் துளைக்கருவி 'டிக்' என்று ஒரு தடவை சொல்லும், முடிந்தது. ஒன்றுக்குப் பதினெட்டு வினாடி. எலி கீச்சென்று கத்துவதற்குள் கூண்டுக்குள் இருக்கும்.

கூண்டுகளைக் கழுவும் அண்ணன் அவளுக்கு 'காது டாக்டர்' என்று பேர் வைத்திருந்தார். "வாங்க காது டாக்டர், இன்னிக்கு எத்தனை பேருக்குக் காது குத்து?" என்பார்.

"முப்பத்தொண்ணு. உங்களையும் சேர்த்தா முப்பத்திரண்டு" என்பாள் அவள்.

இந்த அறையில் ஓர் அடுக்கு முழுவதும் பேராசிரியர் மேடத்தின் ஆய்வகத்துக்குச் சொந்தம். அவர்கள் ஆராய்ந்தது மூளையையும் முதுகுத்தண்டையும் பிடிக்கிற ஒரு நோய். மனிதர்களுக்கும் வருகிற நோய்தான். வெளியிலிருந்து எதிரி யாரும் வந்து தாக்குவதில்லை. உடம்பைக் காவல் காக்க வேண்டிய வெள்ளை அணுக்களே ரத்தத்திலிருந்து மூளைக்குள் புகுந்து, நரம்பின் மேலுறையை எதிரி என்று எண்ணி அரித்துவிடுகின்றன. உறை போன மின்கம்பி என்ன ஆகும்? விளக்கு விட்டு விட்டு எரியும், பிறகு எரியாது. அப்படித்தான் கையும் காலும் கண்ணும்.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னது மேடத்தின் ஆய்வகத்தில் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த தம்பி. அப்போதுதான் புதிதாகச் சேர்ந்தவன், இருபத்தெட்டு வயது. அவள் தினமும் பார்ப்பதற்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும் என்று வலிய உட்கார்ந்து விளக்கினான். அவன் சொல்லி முடித்ததும், பக்கத்தில் துடைத்துக்கொண்டிருந்த கழுவுகிற அண்ணன், "அட, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை!" என்றார். தம்பி ஒரு கணம் யோசித்துவிட்டு, "இதைவிட நல்லா நான் சொல்ல முடியாதுண்ணே" என்றான்.

"எல்லா எலிக்கும் ஒரே ஊசிதான்க்கா போடறோம்" என்று தொடர்ந்தான். "ஒரே தீனி, ஒரே கூண்டு. ஒரே தாய் வயித்துல பிறந்ததுங்க. ஆனா ஒண்ணுக்கு நோய் முத்துது, பக்கத்துல இருக்கறதுக்கு லேசா வந்துட்டுப் போயிடுது. வெள்ளை அணு மூளைக்குள்ள நுழையறதுக்கு ஒரு மரபணு கதவைத் திறந்து விடுதுன்னு நாங்க நினைக்கிறோம். அந்த மரபணுவை மாத்தின எலியும் மாத்தாத எலியும் கலந்துதான் இருக்கு. எது எதுன்னு எனக்கே தெரியக்கூடாது. தெரிஞ்சா கண்ணு ஏமாத்தும். கடைசியில எண்ணை வெச்சுப் பிரிச்சுப் பார்ப்போம்."

"எங்க வீட்டிலயும் இதே கதைதான், தம்பி. பஞ்சுத் தூசி பட்டா எங்க அக்காவுக்கு நாப்பது தும்மல். நான் இந்த மரத்தூள்லயே படுத்துப் புரண்டாலும் ஒண்ணும் ஆகாது."

"அப்போ உங்க ரெண்டு பேரையும் ஒரு கூண்டுல போட்டு ஆராயணும்."

"எங்கக்காவைக் கூண்டுல போட இனிமே ஆள் பிறந்து வரணும்."

நோய் வந்த எலிகளுக்குத் தம்பி தினமும் காலையில் மதிப்பெண் போடுவான். வால் துவண்டிருந்தால் ஒன்று. பின்னங்கால் தள்ளாடினால் இரண்டு. பின்னங்காலை இழுத்துக்கொண்டு போனால் மூன்று. அதற்குமேல் போக விடமாட்டார்கள். எலியை மல்லாக்கப் புரட்டி, அது தானாகத் திரும்பி எழுகிறதா என்று பார்ப்பான். புரட்டிய கையோடு காதையும் பார்த்து எண்ணை எழுதிக்கொள்வான். மற்ற ஆய்வகத்தார் யாரும் தாங்களே எண் பார்ப்பதில்லை. சின்னவள் பிடித்துக்கொண்டு எண்ணைச் சொல்ல, அவர்கள் எழுதிக்கொள்வார்கள். தம்பிதான், "உங்க நேரத்தை நான் ஏன்க்கா வீணாக்கணும்? படம் சுவத்துல இருக்கே" என்று தானே பார்க்க ஆரம்பித்தான். அவள் அதை நல்ல குணம் என்றுதான் நினைத்தாள். நல்ல குணம்தான்.

சுவரில் ஒரு படம் இருந்தது. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் யாரோ வரைந்து கண்ணாடித்தாள் ஒட்டியது. ஐந்து வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின்மேலும் இரண்டு காதுகள். காதுகளில் புள்ளிகள். பக்கத்தில் எண்கள். அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் போயிற்று. முடிவுகளைப் பிரித்துப் பார்த்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. மரபணுவை மாற்றிய எலிகளிலும் பாதி காலை இழுத்தன, மாற்றாதவற்றிலும் பாதி இழுத்தன. தம்பி மறுபடி செய்தான். மறுபடியும் பாதிக்குப் பாதி. அவன் சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தது.

"மலையைக் கெல்லி எலியைப் பிடிச்சான்னு கேள்விப்பட்டிருக்கேன்" என்றார் கழுவுகிற அண்ணன். "இவன் எலியைக் கெல்லி என்னத்தைப் பிடிச்சான்?"

"வாயைக் கழுவுங்க முதல்ல, கூண்டை அப்புறம் கழுவலாம்" என்றாள் சின்னவள்.

அந்த மாதம் முதல் தேதி, விலங்கு மருத்துவர் ஒரு புது விதி போட்டார். காலை இழுக்கிற எலி எம்பிக் கம்பி மூடியிலிருந்து தீனி எடுக்க முடியாது. அதற்குத் தீனியைத் தண்ணீரில் குழைத்துத் தரையில் வைக்க வேண்டும். இதைச் சின்னவள் எப்போதும் செய்வதுதான். எந்தக் கூண்டில் ஒன்று இழுத்துக்கொண்டு போகிறதோ அந்தக் கூண்டில் ஒரு தட்டு வைப்பாள். இனி எந்தக் கூண்டு என்று மட்டும் எழுதினால் போதாது, எந்த எலி என்று எண்ணோடு பதிவேட்டில் எழுத வேண்டும் என்பதுதான் புது விதி. தம்பி காலையில் மதிப்பெண் போட்டுவிட்டு, மூன்று வாங்கிய எலிகளின் எண்களைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவான். அதைப் பார்த்து அவள் எழுதவேண்டியதுதான்.

வேறு யாராக இருந்தாலும் கதவிலிருந்த சீட்டைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். சின்னவளுக்கு, பார்க்காத எலியைப் பார்த்ததாக எழுதக் கை வராது. முதல் நாள் சீட்டில் 'பதினான்காம் கூண்டு, எண் இரண்டு' என்றிருந்தது. அவள் கூண்டைத் திறந்தாள். எண் இரண்டு ஜம்மென்று கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலை இழுத்துக்கொண்டிருந்தது எண் ஒன்று.

அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த கூண்டில் சீட்டு 'நான்கு' என்றது, எலி ஐந்து. அதற்கடுத்ததில் சீட்டு 'மூன்று' என்றது, எலியும் மூன்று. அவளுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது. அடித்துத் திருத்தாமல், பதிவேட்டில் தான் கண்டதை எழுதினாள். கைக்குறிப்பில் சீட்டில் இருந்ததையும் பக்கத்தில் எழுதி வைத்தாள். பத்தொன்பது நாள் இப்படி. மொத்தம் நாற்பத்தொரு வரிகள். ஒரு புதன்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டே அந்த வரிகளை விரலால் தடவிப் பார்த்தாள். எண் மூன்று ஒன்பது தடவை வந்திருந்தது. ஒன்பதும் சரி. மற்ற முப்பத்திரண்டும் தப்பு. ஒன்று இரண்டாகவும் இரண்டு ஒன்றாகவும், நான்கு ஐந்தாகவும் ஐந்து நான்காகவும் இருந்தன. தூக்கக் கலக்கத்தில் எழுதுகிறவன் எப்போதாவது சரியாகவும் எழுதுவான். இவன் தப்பிலும் ஒழுங்காக இருந்தான்.

அன்றைக்கே இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, மேடம் இந்த ஆராய்ச்சியை நிறுத்திவிடத் தீர்மானித்துவிட்டார். மிச்சமிருக்கும் அறுபத்துநான்கு எலிகளையும் வெள்ளிக்கிழமை முடித்துவிட வேண்டும். வாயுப் பெட்டியில் வைத்து முடிப்பது சின்னவளின் வேலை. இரண்டு, அடுத்த செவ்வாய்க்கிழமை வேலையை நிரந்தரமாக்கும் குழு கூடுகிறது. ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் ஒன்பது பேர், இடம் மூன்று. பதினொரு வருஷ அனுபவத்தோடு சின்னவள் பெயர் பட்டியலில் முதலில் இருந்தது. குழுவில் மேடமும் ஒருவர்.

வருஷா வருஷம் மார்ச் மாதம் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கிற வேலை அது. ஒவ்வொரு மார்ச்சிலும் அவளுக்கு ஒரு வாரம் சோறு இறங்காது. "எலி வளைன்னாலும் தனி வளை வேணும்" என்று பெரியவள் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

பெரியவள் என்பது அவளுடைய அக்கா. நகல் எடுக்கும் கடைக்கு மேல்மாடியில் முன்னறை தையல்கடை, பின்னறைகள் வீடு. சீருடையும் வெள்ளைக் கோட்டும் தைப்பாள். அன்று மாலை சின்னவள் வந்தபோது மேஜைமேல் ஒரு கோட்டைப் பரப்பிவைத்துக் குனிந்திருந்தாள். மூக்கில் துணி கட்டியிருந்தாள், இருந்தும் தும்மினாள்.

"மூஞ்சி ஏன் பிழிஞ்ச துணி மாதிரி இருக்கு?" என்றாள் பெரியவள்.

சின்னவள் குறிப்பை எடுத்து வைத்து, ஒன்றுவிடாமல் சொன்னாள். மூன்று மட்டும் ஏன் தப்பவில்லை என்பதுதான் தனக்குப் பிடிபடவில்லை என்றாள்.

"மூணுன்னா என்ன?"

"ரெண்டு காதிலயும் ஒவ்வொரு துளை."

"அப்ப எந்தப் பக்கம் பார்த்தாலும் மூணு மூணுதான். ஒண்ணுன்னா?"

"வலது காதுல."

"யாரோட வலது?"

"என்னது, யாரோட வலது? வலதுன்னா வலதுதான்."

பெரியவள் துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, பரப்பிய கோட்டின்மேல் தட்டினாள். "இதுல பாக்கெட் எந்தப் பக்கம் வரும்?"

"இடது பக்கம்."

"தொட்டுக் காட்டு."

சின்னவள் கை தன் இடது பக்கம் போய், பாதியில் நின்றது. மேஜையில் கோட்டு மல்லாந்து கிடந்தது. போட்டுக்கொள்கிறவனுக்கு இடது, அவளுக்கு வலது பக்கத்தில் இருந்தது.

"இருபத்தாறு வருஷமாப் பாக்கெட் தைக்கிறேன். எந்தப் பக்கம்னு நான் மேஜையைக் கேக்கறதில்ல, போட்டுக்கறவனைக் கேக்கறேன்" என்றாள் பெரியவள். "நீ எலியை எப்படிப் பிடிக்கிற? காட்டு."

சின்னவள் நூல்கண்டு ஒன்றை எடுத்து மேஜையில் வைத்து, பின்னாலிருந்து பிடித்துக் காட்டினாள். எலி அந்தப் பக்கம் பார்க்கும். அவளும் அந்தப் பக்கம்தான் பார்ப்பாள். எலிக்கு வலது அவளுக்கும் வலது.

"அந்தத் தம்பி எப்படிப் பிடிக்கிறான்?"

சின்னவள் நூல்கண்டைப் புரட்டி, தன்னைப் பார்க்கிற மாதிரி திருப்பினாள். பிறகு அதைக் கீழே வைத்தாள்.

சுவரிலிருந்த வட்டங்கள் அவள் கண்ணுக்குள் வந்தன. அவற்றுக்குக் கண் இல்லை, மூக்கு இல்லை, வால் இல்லை. அவள் அவற்றைப் பதினொரு வருஷமாகப் பிடரி என்று பார்த்திருக்கிறாள். தம்பி முகம் என்று பார்த்திருக்கிறான். அவள் எழுதி அனுப்பிய குப்பி எண் ஒன்றின் மரபணுவை, அவன் எண் இரண்டின் தலையில் கட்டியிருக்கிறான்.

"சொல்லப்போறியா?" என்றாள் பெரியவள்.

"வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் முடிச்சிடுவாங்க. அப்புறம் சொல்லி என்ன? பார்க்க எலியே இருக்காது."

"செவ்வாய்க்கிழமை உன் பேரு வருது."

"தெரியும்."

"துளை போட்டது யாருன்னுதான் முதல்ல கேப்பாங்க."

"அதுவும் தெரியும்."

பெரியவள் கத்தரியை எடுத்தாள். "எனக்கு எதுவும் சொல்லத் தெரியல. பாக்கெட் மட்டும்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் துணியை வெட்டத் தொடங்கினாள்.

வியாழக்கிழமை காலையில் சின்னவள் முதலில் சொன்னது கழுவுகிற அண்ணனிடம். அவர் கையிலிருந்த கூண்டைக் கீழே வைத்தார். கிண்டல் ஏதும் வரவில்லை.

"செவ்வாய் தாண்டட்டும்மா. ஆர்டர் கைக்கு வந்த பிறகு மெதுவாச் சொல்லு. யாருக்கும் நஷ்டமில்ல."

"எலி?"

"எலிக்கென்ன, எப்படியும் சாகப்போற ஜென்மம். பூனைக்கு மணி கட்டற வேலை எலிக்கே வேண்டாம்னு இருக்கு. எலி வளர்க்கறவளுக்கு எதுக்கு?"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் அவளுக்குத் தெரியவில்லை. வாயுப் பெட்டியைத் துடைத்து, நாளைக்காக மேஜைமேல் எடுத்துவைத்தாள். வாயு உருளையின் அளவுமானியைப் பார்த்தாள்; வாயு போதுமான அளவு இருந்தது. பதிவேட்டில் 'முடித்த எண்ணிக்கை' என்ற கட்டத்துக்கு எதிரே அறுபத்துநான்கு கோடுகள் போட்டு, எண்களை எழுதத் தொடங்கினாள். பதினான்காம் கூண்டு, எண் ஒன்று. எழுதிய பேனா அங்கேயே நின்றது. நாளை தம்பி வந்து சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவான். அவன் இந்த எலியைப் பார்த்து இரண்டு என்பான். அவள் ஒன்று என்பாள். ஒரே எலிக்கு இரண்டு எண்ணோடு பதிவேட்டை மூட வேண்டும். இல்லாவிட்டால், பார்க்காததைப் பார்த்ததாக எழுத வேண்டும்.

பேனாவை மூடிவிட்டு, கைக்குறிப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மேடத்தின் அறையில் தம்பியும் இருந்தான். சின்னவள் உட்காரவில்லை. முதலில் குறிப்பை நீட்டினாள், பிறகு சொன்னாள். மேடம் நாற்பத்தொரு வரியையும் படித்தார். 

"காதுல துளை போட்டது யாரு?"

"நான்தான் மேடம்."

"பதினொரு வருஷமாவா?"

"ஆமா மேடம். ஒன்பது ஆய்வகத்துக்கு."

"பின்னாலிருந்துதான் பார்க்கணும்னு படத்துல எழுதியிருக்கா?"

"இல்ல மேடம்."

"முகத்தைப் பார்க்கணும்னு எழுதியிருக்கா?"

"அதுவும் இல்ல."

தம்பியின் காது இரண்டும் சிவந்திருந்தன. "அக்கா, வட்டம், ரெண்டு காது. அதைப் பார்த்தா யாருக்குமே முகம்னுதானே தோணும்?"

"எனக்கு ஒருநாளும் தோணல தம்பி. எலி என்னைத் திரும்பிப் பார்த்ததே இல்ல."

மேடம் சிரிக்கவில்லை. "நீங்க போட்ட எண் சரியா, இவர் படிச்ச எண் சரியா? எப்படித் தெரியும்?"

இதைச் சின்னவள் படிக்கட்டு ஏறும்போதே யோசித்து வைத்திருந்தாள். "ரெண்டு பேர்ல ஒருத்தர் மாத்திப் பார்த்திருக்கோம். அது நானாவும் இருக்கலாம். அறுபத்துநாலும் உசிரோட இருக்கு. நாங்க ரெண்டு பேரும் தொடவேண்டாம். வேற யாராவது மறுபடி துளி தோல் எடுத்து, எலிக்கு எந்தக் காதுல துளைன்னும் குறிச்சு, வேற எண் போட்டு அனுப்பட்டும். முன்னாடி நான் அனுப்பினதோட ஒத்துப்போகுதான்னு பார்த்துடலாம்."

"ஒத்துப்போகலைன்னா?"

"அப்ப தப்பு என்னோடது. ஒன்பது ஆய்வகத்துக்கும் நானே போய்ச் சொல்லிடறேன்."

மேடம் ஜன்னலைப் பார்த்தார். "நீங்க இதை எழுதிக் கொடுக்கணும். எழுதிட்டா விசாரணைக் கோப்பு ஒண்ணு திறக்கணும். கோப்பு திறந்திருக்கிற ஆளோட பேரைச் செவ்வாய்க்கிழமை குழு எடுத்துக்காது. அது என் கையில இல்ல. புரியுதா?"

"புரியுது மேடம்" என்றாள். எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லை.

வெள்ளிக்கிழமை வாயுப் பெட்டி மேஜைமேல் வைத்தபடியே இருந்தது. பக்கத்து ஆய்வகத்திலிருந்து வந்த ஒரு பெண் அறுபத்துநான்கு எலிகளிடமும் தோல் எடுத்துக்கொண்டு போனாள். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிஷம் எடுத்துக்கொண்டதைச் சின்னவள் கதவுக்கு வெளியே நின்று பார்த்தாள். செவ்வாய்க்கிழமை குழு கூடியது. மூன்று பேர் பெயர் அறிவிப்புப் பலகையில் வந்தது. மூவருமே அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு அவள் கைகொடுத்து வாழ்த்துச் சொன்னாள். அன்றிரவு பெரியவள் அதைப்பற்றிக் கேட்கவில்லை. முட்டையை மட்டும் இவள் தட்டில் கூடுதலாக ஒன்று வைத்தாள்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. ஒரு குப்பி காய்ந்துபோயிருந்தது. மீதி அறுபத்துமூன்றும் சின்னவள் முன்பு அனுப்பியவற்றோடு ஒத்துப்போயின. அறுபத்துமூன்றுக்கு அறுபத்துமூன்று.

தம்பி இரண்டு வருஷ மதிப்பெண்களையும் எடுத்து, ஒன்றையும் இரண்டையும் மாற்றி, நான்கையும் ஐந்தையும் மாற்றி, மறுபடி பிரித்தான். அதற்கு ஒரு முழு வாரம் ஆயிற்று. பிறகு ஒரு காலை நேரம் மூச்சிரைக்க எலிக்கூடத்துக்கு வந்தான். முகமூடியைத் தலைகீழாகக் கட்டியிருந்தான்.

"அக்கா, பிரிஞ்சிடுச்சு."

"எது தம்பி?"

"ரெண்டும். மரபணு மாத்தாததுல பத்துக்கு எட்டு காலை இழுத்துது. மாத்தினதுல பத்துக்கு ரெண்டுதான். அந்த வெள்ளை அணு ரத்தக்குழாய் ஓரம் வரைக்கும் வருது, உள்ள போகமாட்டேங்குது. கதவு சாத்தியிருக்கு. ரெண்டு வருஷமா அது அங்கயேதான் இருந்திருக்கு, நான்தான்…"

"முகமூடியைச் சரியாக் கட்டு, தம்பி" என்றாள் சின்னவள். "எலிக்குச் சளி பிடிச்சா யார் பார்க்கறது?"

"இது எப்ப மனுஷனுக்கு மருந்தா வரும்?" என்று கழுவுகிற அண்ணன் கேட்டார். அதற்கு இன்னும் எத்தனையோ வருஷம் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்று தம்பி சொன்னான். எலியின் உடம்பு வேறு, மனிதனின் உடம்பு வேறு. ஒரே மரபணு எல்லாவற்றையும் தீர்மானிப்பதுமில்லை. கதவு சாத்தியிருந்தும் காலை இழுத்த அந்த இரண்டு ஏன் இழுத்தன என்பது இன்னும் தெரியாது. அண்ணன் தலையாட்டினார். "ஆக, இன்னும் நிறைய காது குத்தணும்" என்றார்.

மேடம் புதுப் படம் ஒன்று போடச் சொன்னார். தம்பி கணினியில் அழகாக வரைந்துகொண்டு வந்தான். கண், மூக்கு, மீசை எல்லாம் இருந்தன. ஒரு எலி சிரித்தது. சின்னவள் அதைச் சுவரில் பழைய படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, மடித்து அவனிடமே கொடுத்தாள்.

"நல்லா இருக்கு. ஆனா முகத்தை வரைஞ்சா எல்லாம் மாறிப்போகும். இங்க இருக்கிற எண்ணூறுக்கும் பின்னாலிருந்துதான் போட்டிருக்கு."

பழைய படத்தின் கண்ணாடித்தாள்மேல், அழியாத பேனாவால், ஐந்து வட்டங்களுக்கும் கீழே ஐந்து வால் வரைந்தாள். நேராக, ஒரே நீளத்தில். அது போதுமானதாக இருந்தது.

கோப்பை மூட ஐந்து மாதம் பிடித்தது. மற்ற எட்டு ஆய்வகங்களிலும் கேட்டார்கள். எண்ணை எப்போதும் அவளே சொல்லியிருந்ததால் எங்கும் தப்பில்லை. கோப்பின் கடைசிப் பக்கத்தில், 'தவறு படத்தினுடையது' என்று எழுதி மூடினார்கள். ஆராய்ச்சிக் கட்டுரை மறு வருஷம் வெளியாயிற்று. பதினான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் யார் யாருக்கோ நன்றி. அதில் ஒரு வரியைத் தம்பி விரல் வைத்துக் காட்டி அர்த்தம் சொன்னான்: எலிக்கூடப் பணியாளருக்கு, அவருடைய பதிவேட்டுக்காக. பெரியவள் பதினான்கு பக்கத்தையும் கீழ்க்கடையில் நகல் எடுத்துவந்து, அந்த ஒரு வரிக்குக் கீழே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு வைத்தாள். சுண்ணாம்பு நிற்காமல் உதிர்ந்ததால், பிறகு நூலால் தைத்துவிட்டாள்.

அடுத்த குழு கூடியபோது சின்னவளுக்கு வேலை நிரந்தரமாயிற்று. நிரந்தரப் பணியாளருக்கு வெள்ளைக் கோட்டு உண்டு. பெரியவள்தான் தைத்தாள், பாக்கெட்டைப் போட்டுக்கொள்கிறவளைக் கேட்டே வைத்தாள். ஆனால் வெளியே போட்ட உடுப்போடு எலிக்கூடத்துக்குள் போகக் கூடாது. அதனால் சின்னவள் காலை எட்டு மணிக்கு முதல் கதவுக்கு முன்னால் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறாள், மாலை ஐந்து மணிக்கு எடுத்துப் போட்டுக்கொள்கிறாள். இடைப்பட்ட நேரமெல்லாம் அது அங்கே தொங்குகிறது.